ஏரிக்குள்ளே ஒரு பிட்ச்: சிங்கப்பூர்ப் பிள்ளைகளோடு தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆறு நாள்

முதல் நாள், வெள்ளி. விமான நிலையத்திலிருந்து தர்மபுரி

ஊரில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டம் சிங்கப்பூரில் பத்து மணிக்குத்தான் தொடங்கும். முடிய ஏறக்குறைய இரண்டு ஆகிவிடும். மறுநாள் காலை ஏழரைக்குள் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். அதனால் வீட்டில் நடப்பது இதுதான்: அப்பாவோ அம்மாவோ சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருட்டில் ஒற்றையாகப் பார்ப்பார்கள், பிள்ளைக்குக் காலையில் இட்லித் தட்டோடு ஸ்கோர் மட்டும் வந்து சேரும். துபாய்க்காரர்களுக்கு மாலை ஆறு மணி, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். லண்டனில் பிற்பகல் மூன்று, நியூயார்க்கில் காலை பத்து, சிட்னியில் நள்ளிரவு. நேரம் எதுவானாலும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ஆட்டம் என்பது திரைக்குள் நடக்கும் ஒன்று. புழுதியில் பந்து குத்தி எழும்போது வரும் சத்தம் அதற்குத் தெரியாது.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு இந்தத் திட்டம். முதலில் ஏரி மைதானம், பிறகு கபடி, கடைசியில்தான் ஸ்டேடியம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்து இறங்கியதுமே பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள், பிள்ளை ஐந்தாவது ஓவரில் போனைக் கேட்கும். தன் கையால் நாலு பந்து போட்டுப் பார்த்த பிள்ளைதான் ஸ்டேடியத்தில் பவுலரின் கையைக் கவனிக்கும். ஆகவே வரிசை முக்கியம்.

மூட்டை விஷயம். பேட்டைக் கைப்பையில் விட மாட்டார்கள், சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்து, தரையில் படும் அடிமுனைக்குப் பழைய சாக்ஸை இரண்டு சுற்றாக மாட்டுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடும்போது விரிசல் விடுவது அந்த முனையில்தான். தோல் பந்துக்கு வாங்கிய விலை உயர்ந்த பேட் இங்கே தேவைப்படாது, வீட்டிலேயே இருக்கட்டும். ஏரியில் ஆடுவது டென்னிஸ் பந்து. அதற்குப் பின்பக்கம் குடைந்து எடுத்த லேசான காஷ்மீர் வில்லோ பேட் தர்மபுரி கடைகளிலேயே கிடைக்கும். அந்த பேட்டால் தோல் பந்தை அடித்தால் ஒரே நாளில் பிளந்துவிடும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து தர்மபுரி சுமார் 170 கிலோமீட்டர். தூரத்தை விட நேரம்தான் பிரச்சினை. மாலை ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி மூன்றையும் தாண்டுவதற்குள் பிள்ளைகள் வாடிப்போய்விடுவார்கள். இரவு பத்துக்கு மேல் அல்லது விடியற்காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். டாக்சி கர்நாடகப் பதிவெண் என்றால் எல்லையில் பர்மிட் கட்டணம் உண்டு. வாடகைக்குள் பர்மிட்டும் டோலும் சேர்ந்ததா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு ஓசூர் தாண்டியதும் மாறிவிடும். பிள்ளைகளுக்கான பூஸ்டர் சீட் டாக்சியில் இருக்காது, கையோடு கொண்டு வர வேண்டும். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்கே வந்துவிடலாம்.

இரண்டாம் நாள், சனி. ஏரி

ஜூனில் இந்தப் பக்கத்துப் பல ஏரிகளில் நடுக்குழியில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். மீதி எல்லாம் மைதானம். ஆனால் எந்த இடத்தில் ஸ்டம்ப் நடுவது என்பதில் கவனம் வேண்டும். நடுவை நோக்கிப் போகப் போகச் சாம்பல் நிறக் களிமண், காய்ந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். புல் மூடிய வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் பிசகும். கரையை ஒட்டிய மணல் கலந்த செம்மண்தான் சரி. அங்கே சீமைக் கருவேல முள் இருக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போதும், ஸ்பைக்ஸ் வேண்டாம். ஆடுவதற்கு முன் பெரியவர்கள் இரண்டு பேர் அவுட்ஃபீல்டு முழுக்க ஒருமுறை நடந்து முள்ளையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கிவிட்டால் நாள் நல்லபடியாகப் போகும்.

பிட்ச் போடுவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். விலாவாரியாகவே எழுதுகிறோம்.

நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். பத்து வயதுக்குள் என்றால் 16 கெஜமே போதும். முழு நீளம் வைத்தால் பந்து மூன்று தடவை குத்தித்தான் பேட்ஸ்மேனிடம் வரும், போடுகிற பிள்ளைக்கும் தோள் வலிக்கும். சணல் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் தினமும் அளக்க வேண்டியதில்லை. ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர் முன்னால் கிரீஸ் கோடு. புல்லைக் களைக்கொத்தால் செதுக்குங்கள், பிடுங்கக் கூடாது. வேரோடு வந்தால் மண் பெயர்ந்து குழி விழும்.

தண்ணீர் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு. முழு பிட்ச்சுக்கும் ஊற்றத் தேவையில்லை. பந்து குத்துவது பேட்ஸ்மேனுக்கு முன்னால் இரண்டு முதல் ஆறு மீட்டருக்குள். இரு பக்கமும் அந்த இடத்துக்கு மட்டும் ஆறு ஆறு குடம். ஒரே அடியாகக் கவிழ்க்காமல் மூன்று தடவையாக, மண் குடித்த பிறகு அடுத்தது. காலை ஆறு மணிக்குக் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். ரேகை பதிய வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் திமிசுக்கட்டையால் குத்திக் கெட்டிப்படுத்தி, மேலே களம் மெழுகுவது போலச் சாணிக் கரைசல் தெளித்தால் எட்டு மணி வரை புழுதி கிளம்பாது. நெல் அடிக்கும் களத்துக்கு ஆயா செய்யும் அதே வேலைதான். எவ்வளவு சாணிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அவரிடமே கேளுங்கள். கையால் கலக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எங்கே தப்பு நடக்கிறது? பெரும்பாலும் காலையில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றுவதில். மேலே ஒரு விரல்கடை சேறாகும், அடியில் காய்ந்தே இருக்கும். முதல் அரை மணி பந்து சொத்தென்று நிற்கும், அதன் பிறகு மேல்தோல் ஓடு ஓடாகப் பெயரும். ஒரு பந்து முகத்துக்கு, அடுத்தது தரையோடு. பிள்ளைக்கு பேட்டிங்கே பிடிக்காமல் போவதற்கு இந்த ஒன்று போதும்.

பந்து. சாதாரண டென்னிஸ் பந்து 58 கிராம் அளவில் இருக்கும். கடையில் ‘ஹெவி’ என்று கேட்டு வாங்குவது ஏறக்குறைய அதன் இரட்டை எடை. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. பத்து வயது வரை லேசான பந்தே கொடுங்கள். ஊர்ப் பையன்கள் ஹெவி பந்தில்தான் ஆடுவார்கள், அவர்களோடு சேரும்போது ஹெல்மெட் இல்லாவிட்டாலும் இடுப்புக்குக் கீழே மாட்டும் கார்டு கட்டாயம். நாலு பந்து கையில் இருக்கட்டும். ஒன்று கருவேலப் புதருக்குள் போகும், இன்னொன்று நடுக்குழித் தண்ணீரில் மிதக்கும்.

வெயில். ஆறிலிருந்து எட்டரை, திரும்ப மாலை நாலரைக்கு மேல். இடையில் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஏசி அறையில் வளர்ந்த பிள்ளைக்குத் தாகம் தெரிவதற்குள் தலைவலி வந்துவிடுகிறது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லை என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, அளவு ஸ்பூனிலேயே எடுங்கள்.

மூன்றாம் நாள், ஞாயிறு. ஊர் விதிகள்

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் நடக்கும். ஒருவரின் லாங் ஆன் இன்னொருவரின் ஸ்லிப். சிங்கப்பூரில் கோச்சிடம் காசு கட்டிக் கற்ற பிள்ளைக்கு இன்று குழப்பம் வருவது ஆட்டத்தில் அல்ல, விதிகளில். முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போனால் அழுகை மிச்சம்.

டாஸுக்கு நாணயம் கிடையாது. ஓட்டுச்சில்லின் ஒரு பக்கம் எச்சில் தடவிச் சுண்டுவார்கள்: ஈரமா, காய்ஞ்சதா? பேட்டிங் வரிசைக்கு ஒரு பையன் மண்ணில் வரிசையாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு எண்ணை எழுதி, எண்கள் தெரியாமல் பேட்டைப் படுக்க வைத்து மூடுவான். கோடுகளின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு கோட்டில் விரல் வைக்க வேண்டும், பேட்டைத் தூக்கியதும் அவரவர் எண். வசதியானவன், பேட் வாங்கி வந்தவன், வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று யாருக்கும் இதில் சலுகை இல்லை. எந்த அகாடமியிலும் காணாத நியாயம் இது. பிள்ளையை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்த வையுங்கள், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

எல்.பி.டபிள்யூ. கிடையாது. ஆள் ஒற்றைப்படை என்றால் ஒருவர் ‘காமன்’, இரண்டு பக்கமும் பேட்டிங் பிடிப்பார். புதுசாக வந்த பிள்ளைக்கு அதுதான் நல்ல இடம், கூச்சம் போக இரண்டு இன்னிங்ஸ் கிடைக்கும். மூன்று வைடு போட்டால் ‘பேபி ஓவர்’, பாக்கிப் பந்தை வேறொருவர் போடுவார். சின்ன இடம் என்றால் ஒன் பிட்ச் கேட்ச், அதாவது ஒரு தடவை தரையில் குத்தி எழும் பந்தைப் பிடிப்பது, அதுவும் ஒற்றைக் கையில் பிடித்தால் மட்டுமே அவுட். பயிர் இருக்கும் கொல்லைக்குள் நேராகப் போய் விழுந்தால் அடித்தவரே அவுட், பந்தையும் அவரே போய் எடுத்து வர வேண்டும். விவசாயியிடம் திட்டு வாங்குவதைத் தவிர்க்க வந்த விதி இது, நல்ல விதி.

பெற்றோருக்கு ஒரு சொல். பவுண்டரியில் நின்று ஆங்கிலத்தில் கோச்சிங் கொடுக்காதீர்கள். ‘அண்ணா, எனக்கு ஒரு ஓவர் குடுங்க’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தால் போதும். மற்ற தமிழை மைதானம் பார்த்துக்கொள்ளும்.

நான்காம் நாள், திங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம், கபடி

காவேரிப்பட்டணம் வழியாகப் போனால் இரு பக்கமும் மாந்தோப்பு. ஜூன் என்பதால் லாரி லாரியாகக் காய் கூழ்த் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நுனி வளைந்த கிளிமூக்கைத்தான் இங்கே பெங்களூரா என்பார்கள். காயாக வாங்கிக் கீறி மிளகாய்த்தூள், உப்பு தடவிக் கொடுத்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், அதுவும் கபடிக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

கபடி மாலையில். ஆண்களுக்கான களம் 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. பிள்ளைகளுக்குப் பெண்கள் களத்தின் அளவே பொருந்தும். ஓரம் இரண்டிலும் ஒரு மீட்டர் லாபி, யாராவது தொட்டுப் பிடி தொடங்கிய பிறகுதான் அதில் கால் வைக்கலாம். டிவியில் பார்த்துப் பழகிய பிள்ளைகளும் இதை விட்டுவிட்டு ஓரமாக ஓடி அவுட் ஆகிறார்கள். பாடிப் போகிறவர் தாண்டித் திரும்ப வேண்டிய பாக் கோடு, நடுக்கோட்டிலிருந்து ஆண்கள் களத்தில் 3.75 மீட்டரில், பெண்கள் களத்தில் 3 மீட்டரில். அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. ஆறு பேராவது எதிரில் நின்றால்தான் போனஸ். பாடிப் போகும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி.

மண் களம் என்றால் மண்ணைக் கொத்திச் சலித்து மணல் கலந்திருக்க வேண்டும். உள்ளங்காலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், தூசி எழக் கூடாது. மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதும், ஊறினால் வழுக்கும். பாயில் ஆடிப் பழகியவர்களுக்கு முழங்கால் தோல் உரிவது இங்கேதான். முழங்கால் கவசம் போட்டுக்கொள்வது வெட்கமில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வாட்ச், கொலுசு எல்லாம் கழற்றிவிட வேண்டும். உடம்பில் எண்ணெய் தேய்த்து வருவது தப்பாட்டம்.

முதல் அரை மணிக்குப் பிடி வேண்டாம். பாடிக்கொண்டு போய் பாக் கோட்டைத் தாண்டித் திரும்புவது மட்டும். மூச்சை அடக்கிக் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்வதே சிரமம் என்று அப்போதுதான் தெரியும். சொல்லை விட்டால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு கணுக்கால் பிடி. பிடிப்பவர் தலை, பாடுபவரின் முழங்காலுக்கு நேராக இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். அடி படுவதெல்லாம் தலையை நேராகக் கொடுப்பதால்தான். கபடி 1990 முதல் ஆசிய விளையாட்டில் இருக்கிறது, புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. ஆனாலும் இந்த ஆட்டத்தை ஒரு பிள்ளைக்குப் பிடிக்க வைப்பது பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்து ‘வுடாத, வுடாத’ என்று கத்தும் அந்த நிமிடம்தான்.

எருது விடும் விழாவைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: அது தை, மாசியில். சிங்கப்பூர்ப் பள்ளி ஜனவரி தொடக்கத்திலேயே திறந்துவிடும் என்பதால் அங்குள்ள குடும்பங்களுக்கு வாய்ப்பது அரிது.

ஐந்தாம் நாள், செவ்வாய். ஓய்வு

இன்று உடம்பு அசையாது. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர்தான், தண்ணீர் வரத்து கூடியிருந்தால் பரிசல் நிறுத்தப்பட்டிருக்கும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மிதவை உடுப்பின் வார் பிள்ளைக்குத் தொளதொளவென்று இருந்தால் வேறு அளவு கேளுங்கள்.

வீட்டிலேயே இருப்பவர்களுக்குத் தாத்தாவோடு மேட்ச். ஜூனில் இங்கிலாந்தில் டெஸ்ட் நடந்தால் பிற்பகல் மூன்றரைக்கே தொடங்கிவிடும், மூன்று தலைமுறையும் விழித்திருக்கும் நேரம். சிங்கப்பூரில் கட்டிய சந்தாவை நம்பி வராதீர்கள், ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு என்பதால் இங்கே திறக்காது. கேபிளே நல்லது. ஆன்லைனில் படம் அரை நிமிடம் வரை பிந்தி வரும். பக்கத்து வீட்டில் கேபிள் ஓடினால் விக்கெட் விழுந்த கூச்சல் முதலில் வந்துவிடும், உங்கள் திரையில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். போனில் ஸ்கோர் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். தமிழ் வர்ணனையைப் போடுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவியும் ஃபேனும் ஓடும், செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கடைசி ஓவரில் தேடக் கூடாது.

ஆறாம் நாள், புதன். தொப்பூர் இறங்கி ஸ்டேடியத்துக்கு

தமிழ்நாட்டு அணிகள் ஆடும் டி20 தொடரான டி.என்.பி.எல். போட்டியின் சேலம் சுற்று ஆட்டங்கள் வாழப்பாடிப் பக்கத்து மைதானத்தில் நடக்கும். அட்டவணையைப் பார்த்து இந்த நாளை அமைக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் கீழே இறங்கும்போது பாரமேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவதுதான் ஆபத்து. லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளாமல், இடப்பக்கம், குறைந்த கியரில். திரும்புவது நள்ளிரவாகும் என்பதால் டிரைவரைப் பகலில் தூங்க வையுங்கள்.

கணவாய் தாண்டி ஓமலூர் வட்டாரம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய இரண்டு ஊர்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. பெரியவடகம்பட்டி, உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். வீட்டுச் சுவரில் 1.89ஐ அளந்து கோடு போட்டுக் காட்டுங்கள், எண்ணாகச் சொன்னால் புரியாது.

இன்னொன்று சின்னப்பம்பட்டி. வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர், அதாவது பேட்ஸ்மேனின் கால் நுனியில் குத்தும் பந்து, பழகிய ஊர். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டே நாளில் டி20, ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த ஆண்டு ஐ.பி.எல். நடந்தது எமிரேட்ஸில். மகள் பிறந்தபோது அவர் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தார், அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்குப் போனார். வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் எவருக்கும் அந்தத் தூரத்தை விளக்கத் தேவையில்லை. ஊரில் பிள்ளைகளுக்காக அவர் அமைத்த மைதானம் 2023இல் திறக்கப்பட்டது. இரண்டு நாள் ஏரியில் போட்ட பிள்ளைக்கு யார்க்கர் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருக்கும். ஸ்டேடியத்தில் அதைத் தேடச் சொல்லுங்கள்: பேட்ஸ்மேனின் ஷூ நுனிக்கு ஒரு சாண் தள்ளினாலே ஃபுல்டாஸ் அல்லது ஹாஃப் வாலி.

கூட்டம் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து எட்டிவிடும் தூரம் என்பதால் இங்குள்ள குடும்பங்கள் சாதாரணமாகப் போய் வரும் இடம் அது. பிள்ளைகளை எண்ணிடப்பட்ட இருக்கை உள்ள ஆட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போங்கள், டிக்கெட் இல்லாத வெற்றி ஊர்வலத்துக்கு ஒருபோதும் வேண்டாம். தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே. நான்கு பக்கமும் உடம்பு உரசத் தொடங்கினாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கையைக் கீழே தொங்கவிடாமல் மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, கூட்டத்தை எதிர்க்காமல் பக்கவாட்டில் குறுக்காக நகர வேண்டும். சின்னப் பிள்ளை தோளில். கடைசி ஓவர் முடிந்ததும் எழாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள், கேட் காலியாகிவிடும்.

பிள்ளையின் சட்டைப்பையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இங்கே வேலை செய்யும் எண்ணை எழுதி வையுங்கள், சிங்கப்பூர் எண் அல்ல. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உள்ள வரிசை வேண்டாம், காது மூடி எடுத்துப் போங்கள். கையில் சில்லறை நோட்டு.

நாளை இரவு விமானம். அதற்கு முன் காலை ஆறு முதல் ஏழரை வரை ஏரியில் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது. மீதமுள்ள பந்துகளையும் ஸ்டம்பையும் ‘காமன்’ கொடுத்த பையன்களிடமே விட்டு வரலாம். ஷூவின் அடியில் அப்பிய மண்ணை இங்கேயே பழைய பல் துலக்கியால் சுரண்டிக் கழுவிக் காய வைத்துவிடுங்கள். பேட்டைக் கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேட்டில் பந்து பட்ட இடங்களில் செம்மண் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும். எத்தனை வட்டம் நடுவில், எத்தனை ஓரத்தில் என்று பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணிவிட்டுப் பிறகு துடையுங்கள்.